வீட்டு ரெட்டைக்குழலா, ஓவர் அண்டரா? 12 போர் துப்பாக்கி வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

செட்டிநாட்டில் "ரெட்டைக்குழல்" என்றால் மனசில் வருவது ஒரே உருவம்தான். இரண்டு குழலும் பக்கத்தில் பக்கமாக (இதுதான் சைடு பை சைடு, பக்கக்குழல்), அடியில் இடது கை பிடிக்கும் மெலிந்த முன்கட்டை, இரண்டு விசை. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன தலைமுறை வாங்கி வைத்த 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு). ஒரு குழலின்மேல் இன்னொரு குழல் ஏறியிருக்கும் ஓவர் அண்டரை இங்கே பலர் ஒலிம்பிக் ஒளிபரப்பில்தான் முதலில் பார்த்திருப்பார்கள்.

எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி இரண்டு வழியாக வருகிறது. ஐயா தவறிவிட்டார், துப்பாக்கி காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைப்பில் இருக்கிறது. அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்வதா, கைமாற்றிவிட்டு ஓவர் அண்டர் வாங்குவதா என்பது ஒன்று. பிள்ளை பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப் பழக ஆசைப்படுகிறது, வீட்டில் இருக்கும் பழைய துப்பாக்கியே போதுமா என்பது மற்றொன்று. புதுக்கோட்டைக்காரரான பிருதிவிராஜ் தொண்டைமான் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் ட்ராப் அணிப் பிரிவில் தங்கம் வாங்கி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டவர். பக்கத்து ஊர்க்காரர் அந்த உயரத்துக்குப் போயிருப்பதால் இந்த இரண்டாவது கேள்வி இப்போது வெறும் கனவு இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

எது உசத்தி என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. முதலில் வருஷத்துக்கு எத்தனை தோட்டா சுடப் போகிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள்: பத்தா, இரண்டாயிரமா? முடிவின் பாதி அங்கேயே வந்துவிடும். அடுத்தது, கட்டை (தோளில் வைக்கும் பின்மரம்) உங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்துகிறதா என்பது. பிறகு, கடையில் கிடைக்கும் தோட்டா அந்தக் குழலுக்கு ஒத்துப்போகுமா. பழுதானால் சரிசெய்ய ஆளும் பாகமும் உண்டா. கடைசியாக, உரிமத்தில் அதற்கு இடம் இருக்கிறதா. இந்தக் கடைசியை முதலில் முடித்துவிடலாம். இதில் தட்டினால் மற்றது எதையும் பேசிப் பயனில்லை.

## உரிமமும் பங்காளிகளும்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண உரிமக்காரர் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று இருந்தது. பரம்பரையாக வந்ததும் அந்த இரண்டில் அடக்கம். ஏற்கெனவே ஒரு ரிவால்வர் வைத்திருப்பவர் ஐயாவின் துப்பாக்கியைப் பேர் மாற்றினால் கணக்கு முடிந்தது, ஓவர் அண்டருக்கு இடமில்லை. பாசத்துக்காகச் சுடாத துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொள்வதன் மறைவான விலை இதுதான். உரிமக் காலம் மூன்று வருஷமாக இருந்தது, அதே திருத்தத்தில் ஐந்து வருஷமாயிற்று.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கு உரிமம் கொடுக்கத் தனி வழி உண்டு. உரிமக்காரர் இறந்தால்தான் என்றில்லை. அவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடிருக்கும்போதே வாரிசு விண்ணப்பிக்கலாம். இதைத் தெரியாமல் தள்ளிப்போட்டு, பெரியவர் போன பிறகு அலைபவர்கள்தான் அதிகம். வளவு வீட்டை எத்தனை பங்காகப் பிரித்தாலும் துப்பாக்கியைப் பங்கு போட முடியாது. ஒருவர் பேருக்குத்தான் போகும். மற்ற வாரிசுகள் அத்தனை பேரும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் சிங்கப்பூரிலும் ஒருவர் அமெரிக்காவிலும் இருந்தால், அந்தக் கையெழுத்துகளைச் சேர்ப்பதற்குள் மாசக்கணக்காகிவிடும். பெரியவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே இதைச் செய்வது எல்லோருக்கும் நல்லது.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான்காரர்கள் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்கும், ராயவரம், அரிமளம், பொன்னமராவதிக்காரர்கள் புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்துக்கும் போக வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். எந்த வகையானாலும் இது பொது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி உரிமம் இருப்பதால் வேட்டை உரிமை வந்துவிடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, தோட்டத்தில் மேயும் மயிலையும் மானையும் சுட்டால் குற்றம். ஐயா காலத்துக் காடை, கவுதாரிக் கதைகளை வைத்து இப்போது துப்பாக்கி தேர்வு செய்யக் கூடாது. இன்று மிஞ்சியிருக்கும் நியாயமான வேலைகள் இரண்டு: வீடு, கடை, வங்கி போன்றவற்றின் காவல், களிமண் தட்டுப் போட்டி.

## சைடு பை சைடு: எதில் நல்லது

எடை முதல் நன்மை. இங்கிலாந்தில் காட்டுப் பறவைக்காகச் செய்த பழைய 12 போர் பெரும்பாலும் 3 கிலோவை ஒட்டியே இருக்கும். நாள் முழுக்கத் தோளில் தொங்கவிட்டு நிற்கிற காவலாளிக்கு இந்த எடை வரப்பிரசாதம். குழல்கள் ஒரே மட்டத்தில் இருப்பதால் துப்பாக்கியைக் கொஞ்சம் மடித்துத் திறந்தாலே இரண்டு தோட்டாவும் உள்ளே போய்விடும். ஓவர் அண்டரில் கீழ்க்குழலுக்குத் தோட்டா போட இன்னும் அகலமாக மடிக்க வேண்டும்.

இரண்டாவது நன்மை, நமது ஊர்ப் பருவத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. இரண்டு குழலுக்கும் தனித்தனி விசை, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் பூட்டும் தனித்தனி. முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கோத்த தோட்டா ஒன்று வெடிக்காமல் போனால், விரலைப் பின்னால் நகர்த்தினால் போதும், அடுத்தது தயார். ஒற்றை விசை ஓவர் அண்டர் பலவற்றில் முதல் தோட்டாவின் உதைதான் விசையை இரண்டாம் குழலுக்கு மாற்றுகிறது. பெரெட்டா 686 வரிசை இப்படித்தான். முதல் தோட்டா வெடிக்காவிட்டால் உதை இல்லை, உதை இல்லாவிட்டால் இரண்டாம் குழலும் பேசாது. கட்டைவிரலால் தேர்வுப் பொத்தானைத் தள்ளிக் குழலை மாற்ற வேண்டும். போட்டியில் இது ஒரு சின்ன எரிச்சல், நடுவரிடம் கை தூக்கினால் போதும். காவலில் அப்படி இல்லை.

வெடிக்காத தோட்டாவை உடனே திறந்து எடுக்கக் கூடாது. எந்தத் துப்பாக்கியானாலும் குழலைப் பாதுகாப்பான பக்கம் பார்க்க வைத்து அரை நிமிஷமாவது பொறுக்க வேண்டும். தாமதமாக வெடிக்கிற தோட்டா உண்டு.

மூன்றாவது, இரண்டு குழலுக்கும் இரண்டு சோக். குழலின் முனையை எவ்வளவு ஒடுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் சோக். வழக்கமாக வலக்குழல் அகலமாகவும் இடக்குழல் ஒடுங்கியும் இருக்கும். எந்த விசையில் விரல் வைக்கிறோமோ அந்த சோக், யோசிக்க நேரம் வேண்டாம். ஆனால் அந்த இரண்டும் நிரந்தரம். பழைய குழலில் சோக்கைக் கழற்றி மாற்ற முடியாது.

குறைகளும் உண்டு. குழல்கள் தோளின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் விலகியிருப்பதால் உதை கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளும். பார்வைக்கு இரண்டு குழல் அகலமும் முன்னால் விரிவதால், வேகமாகப் பறக்கும் தட்டின் கோட்டைப் பிடிப்பது பழகாதவருக்குக் கடினம். முன்கட்டை மெலிது என்பதால் இடது கை குழலிலேயே படும். சித்திரை வெயிலில் பத்துப் பன்னிரண்டு தோட்டா சுட்டால் பிடிக்க முடியாது. தோல் உறை மாட்டிக்கொள்ள வேண்டும்.

## பழைய துப்பாக்கியைப் பரிசோதிக்கும் விதம்

வீட்டுத் துப்பாக்கியை வைத்துக்கொள்வதா என்ற முடிவு உண்மையில் இங்கேதான் நடக்கிறது. பேர் மாற்றுவதற்கு முன்பே, ஒப்படைத்திருக்கும் கடையில் உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுக்காரர் ஒருவரை வைத்து இதையெல்லாம் பார்த்துவிடலாம். முதல் வேலை, மடித்துத் திறந்து இரண்டு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வது. காவல் நிலையத்திலிருந்து வந்ததாயிற்றே, காலியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பே கூடாது.

முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் திருப்பினால், அடியில் தட்டையான பகுதியில் சோதனை முத்திரைகள் இருக்கும். லண்டன், பர்மிங்காம் இரண்டிலும் குழலைச் சோதித்து முத்திரை குத்துவது சட்டக் கட்டாயம். "நைட்ரோ ப்ரூஃப்" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கருமருந்துக்காகச் செய்த குழலாக இருக்கலாம், இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போடவே கூடாது. குழலின் மேல் பாய்ச்சுருள் போலவோ மரவரி போலவோ நுணுக்கமான கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல்: இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்தது. அழகுக்கு ஈடில்லை. ஆனால் நைட்ரோ முத்திரை இல்லாத டமாஸ்கஸ், முகப்பில் மாட்டிவைக்கத்தான். அதற்கும் உரிமம் வேண்டும்.

அடுத்தது தோட்டா அறையின் நீளம். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இப்போது உலகம் முழுக்க வழக்கம் 70. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 70 என்று அச்சிட்ட தோட்டாவை 65 அறையில் போட்டால் சுகமாக உள்ளே போகும், துப்பாக்கியும் மூடும். பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் வெடித்து, மடிப்பு விரிந்த பிறகு வரும் நீளம். மடிந்த நிலையில் தோட்டா அதைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் குட்டை. வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுங்கும் பகுதிக்குள் நீட்டி நெரிக்கும், அழுத்தம் ஏறும். ஒரு தடவையில் குழல் பிளக்காமல் இருக்கலாம். பூட்டு ஒவ்வொரு தடவையும் தளரும். "இத்தனை நாள் சுட்டோம், ஒன்றும் ஆகவில்லை" என்பது இதில் சாட்சி ஆகாது.

நல்லவேளையாக, புனே பக்கத்துக் கட்கி அரசு வெடிமருந்துத் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாவில் 65 மில்லிமீட்டர் வகையும் 70 வகையும் இரண்டும் உண்டு. கடைக்காரர் கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார், அட்டைப் பெட்டியைத் திருப்பி நீளத்தை நீங்கள்தான் படிக்க வேண்டும். அறையின் நீளம் முத்திரையில் இல்லை என்றால் அளவுகோல் வைத்து அளந்த பிறகுதான் தோட்டா வாங்க வேண்டும். அறையை 70-க்குக் கடைந்து நீட்டலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் குழலின் கனம் குறைந்துவிடும், பழைய சோதனை முத்திரைக்கும் அர்த்தம் போய்விடும்.

பிறகு மணி ஓசை. குழல்களை மட்டும் தனியே கழற்றி, அடியில் இருக்கும் கொக்கியில் விரலையோ சரட்டையோ கோத்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் லேசாகத் தட்டுங்கள். கோயில் மணிபோல் கணீரென்று இழுத்து ஒலித்தால் நல்லது. அடைத்த குரலில், வெங்கலப் பானையில் விரிசல் விழுந்தது போல் ஒலித்தால் இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டையின் பற்றவைப்பு விட்டிருக்கிறது. அந்த இடுக்கில் இறங்கிய ஈரம் உள்ளுக்குள்ளே துருவாகத் தின்றுகொண்டிருக்கும், வெளியே தெரியாது. மறுபடி பற்றவைப்பது சூட்டுக் கணக்குத் தெரிந்தவர் வேலை. சாதாரண வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனால் குழல் போச்சு, சட்டப்படியும் தப்பு.

குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். வட்ட நிழல்கள் ஒழுங்காக, ஒரே மையத்தில் அடுக்கி நிற்க வேண்டும். ஒரு வட்டம் கோணியிருந்தால் அங்கே நசுங்கல். மோதிரம்போல் ஒரு வட்டம் மட்டும் தனித்துத் தெரிந்தால் அங்கே குழல் புடைத்திருக்கிறது. அடைப்போடு யாரோ எப்போதோ சுட்டதன் அடையாளம் அது. குளவி மண்கூடு கட்டிய குழலை ஊதிக்கூடப் பார்க்காமல் சுட்டால் இதுதான் ஆகும். புடைத்த குழலைச் சுடக் கூடாது.

முன்கட்டை இல்லாமல் குழலை மாட்டி மூடி, குழலைப் பிடித்துக் கட்டையைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டொக் டொக் என்று தட்டினால் மூட்டு தேய்ந்திருக்கிறது. குழலின் பின்முகத்துக்கும் பூட்டின் முகத்துக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டை வைத்து மூடினால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். உருவினால் வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி விழுந்துவிட்டது.

கடைசியில் கட்டை. பூட்டோடு சேரும் இடத்தில் மரம் கறுத்து மெதுவாக இருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். வருஷக்கணக்காகத் துப்பாக்கியைக் குழல் மேலே பார்க்கச் சாத்தி வைத்து, தையல் மிஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டதன் பலன் இது. எண்ணெய் வழிந்து இறங்கி மரத்தின் தலையை ஊறவைத்துவிடும், அந்த மரம் உதையில் பிளக்கும். எண்ணெய் போட்ட துப்பாக்கியைக் குழல் முனை கீழே பார்க்க நிறுத்தி வைப்பது நல்லது. தோல் பெட்டியிலும் கம்பளி உறையிலும் மூடிப் பெட்டகத்தில் அடைத்துவிடக் கூடாது. அவை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு குழலுக்கே ஊட்டும்.

இத்தனையிலும் தேறினால், அந்தத் துப்பாக்கியை விற்க வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. இன்றைக்கு அதே கைவேலை கொண்ட ஒன்றை வாங்கும் விலையை நினைத்துப் பார்க்கவே முடியாது.

## ஓவர் அண்டர்: எதில் நல்லது

ஒற்றைக்குழல் பார்ப்பது போலவே இருக்கும். கண்ணுக்கு முன்னால் ஒரு ஒடுங்கிய பட்டை, அதன் முனையில் குறி பார்க்கும் சின்ன மணி, அவ்வளவுதான். பறக்கும் தட்டின் பாதையில் அந்தக் கோடு மறைக்காமல் ஓடும். வழக்கமாக முதலில் கீழ்க்குழல் சுடும். அது தோளின் நேர்க்கோட்டுக்கு அருகில் இருப்பதால் உதை பின்னோக்கித்தான் வரும், முனை மேலே துள்ளுவது குறைவு, இரண்டாம் தட்டுக்கோ இரண்டாம் தோட்டாவுக்கோ கண் பிசகாது. ட்ராப் மைதானத்தில் இது புள்ளிக்கணக்கில் தெரியும்.

போட்டிக் கணக்கைப் பாருங்கள். ட்ராப் தகுதிச்சுற்றில் 25 தட்டு வீதம் 5 சுற்று, மொத்தம் 125. ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு தோட்டா வரை அனுமதி. பயிற்சியில் ஒரு நாளைக்கு நூறு தோட்டா சாதாரணம். 3 கிலோ பக்கக்குழலை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் சாயங்காலம் தோளும் கன்னமும் கன்றிவிடும், அதைவிட மோசமாக, உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போது கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தைக் கழற்ற மாசக்கணக்காகும். ட்ராப் ஓவர் அண்டர் 3.7 கிலோவுக்கு மேல்கூட இருக்கும், குழல் 30 அல்லது 32 அங்குலம். அந்தக் கனமே உதையை விழுங்குகிறது. போட்டித் தோட்டாவில் ரவை (உள்ளே இருக்கும் சிறு குண்டுகள்) 24 கிராம்தான் என்பதும் சேர்ந்து உதவுகிறது.

முன்கட்டை கைநிறையப் பிடிக்கும்படி குழலைச் சுற்றி வரும், சூடு தெரியாது. மேல் பட்டையில் காற்றோட்ட இடைவெளி இருப்பதால் வெயிலில் கானல் எழும்பி மணியை மறைப்பதும் குறைவு. பலவற்றில் சோக்கைத் திருகிக் கழற்றி மாற்றலாம். ட்ராப்புக்கு ஒடுங்கியது, தட்டு பக்கவாட்டில் குறுக்கே பறக்கும் ஸ்கீட் போட்டிக்கு அகன்றது. கம்பிச்சுருள் வில் உடைந்தால் மாற்றுவது சுலபம். பழைய பக்கக்குழலில் இருக்கும் தகட்டு வில்லை உட்கார்ந்து கையால் அடித்துத்தான் செய்ய வேண்டும்.

உதையில் விசை மாறுவதை மேலே குறையாகச் சொன்னோம். எல்லா ஓவர் அண்டரும் அப்படியில்லை. இத்தாலியின் பெரட்சி துப்பாக்கியில் விசை இயந்திர முறையில் மாறும், முதல் தோட்டா வெடிக்காவிட்டாலும் இரண்டாவது சுடும். பூட்டையே மொத்தமாகக் கழற்றி மாற்றும் வசதி அதில் உண்டு. வாங்குமுன் எந்த வகை என்று கேட்டே ஆக வேண்டும். உதையில் மாறும் விசை, கனமான துப்பாக்கியில் 24 கிராம் மெல்லிய தோட்டா போட்டால் சில நேரம் மாறாமல் நின்றுவிடும். துப்பாக்கி பழுது என்று பலர் நினைப்பது இதைத்தான். கட்டையைத் தோளில் சரியாக இறுக்கிப் பிடிக்காததும் இதற்குக் காரணமாகும்.

மறைவான செலவு இங்கே பெரிது. சாதாரண உரிமக்காரர் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி வருவிக்க முடியாது. போட்டியில் தேறிப் பேர்பெற்ற வீரர்களுக்குத்தான் இறக்குமதி அனுமதி. ஆகவே சந்தையில் இருப்பவை வீரர்கள் கைமாற்றியவையும், இறக்குமதி கட்டுப்படுவதற்கு முன் வந்தவையும். எண்ணிக்கை குறைவு, விலை லட்சங்களில். வீரர் ஒருவரிடம் வாங்கினால் அவருடைய இறக்குமதி அனுமதித் தாளை வாங்கிப் பாருங்கள், விற்பதற்கு நிபந்தனை இருக்கலாம். உதிரி பாகமும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். உள்நாட்டில் முங்கேர், ஜம்மு பக்கம் செய்யும் இரட்டைக்குழலில் பெரும்பாலானவை பக்கக்குழல்தான்.

துப்பாக்கி விலையோடு செலவு முடிவதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 75 தோட்டா என்றால் வருஷத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல். அத்தனை தோட்டா வாங்கச் சாதாரண உரிமத்தில் இடம் இருக்காது. துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினராகி, போட்டிகளில் கலந்து, வீரர்களுக்கான ஒதுக்கீட்டுக்கு ஏற வேண்டும். பிள்ளையின் ஆசை நிலைக்கிறதா என்று தெரிய, ஒரு வருஷம் கிளப் துப்பாக்கியிலேயே சுடவிட்டுப் பாருங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சைடு பை சைடு | ஓவர் அண்டர் |
|---|---|---|
| எடை | 3 கிலோவை ஒட்டி | 3.2 முதல் 4 கிலோ வரை |
| விசை | பெரும்பாலும் இரண்டு | பெரும்பாலும் ஒன்று |
| முதல் தோட்டா வெடிக்காவிட்டால் | அடுத்த விசை உடனே | உதையில் மாறும் வகையில் பொத்தானைத் தள்ள வேண்டும் |
| தோட்டா | பழையதில் 65 மி.மீ. மட்டும் | 70 மி.மீ. அல்லது அதற்கு மேல் |
| சோக் | நிரந்தரம் | பலவற்றில் மாற்றலாம் |
| நாளுக்கு நூறு தோட்டா | தாங்காது, ஆளும் தாங்கமாட்டார் | அதற்காகவே செய்தது |
| நம் ஊரில் கிடைப்பது | எளிது | அரிது |

## இரண்டுக்கும் பொது: கட்டையின் அளவு

குழல் எப்படி வைத்திருக்கிறது என்பதைவிட இது முக்கியம் என்று நாங்கள் நினைக்கிறோம். நகரும் இலக்கைச் சுடும்போது பின்மணி கிடையாது, உங்கள் கண்ணே பின்மணி. கன்னம் கட்டையில் எங்கே உட்காருகிறதோ அங்கேதான் ரவை போகும்.

காலித் துப்பாக்கியை எடுத்து, எதிரே சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு இயல்பாகத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வையுங்கள். கண்ணைத் திறந்தால் மணி அந்தப் புள்ளியில், பட்டையின் நடுவில், ஒரு துளி உயரமாகத் தெரிய வேண்டும். பட்டையே தெரியாமல் பூட்டின் முதுகு மட்டும் தெரிந்தால் கட்டை தாழ்வு. மணி வலமோ இடமோ ஒதுங்கியிருந்தால் கட்டையின் பக்கச் சாய்வு உங்களுக்கு ஒத்துவரவில்லை. மூக்குக்கும் கட்டைவிரல் கணுவுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் நீளம் சரி.

பழைய துப்பாக்கிகள் நீளக் கைக்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. விசையிலிருந்து கட்டை முடிவு வரை 14½ அங்குலம் இருக்கும். நம்மவர் பலருக்கு 14, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் 13-க்குக்கூட இறங்கலாம். நீளம் கூடினால் ஏற்றும்போது அக்குளில் மாட்டும், குறைந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். நல்ல பழுதுக்காரர் கட்டையின் அடியைச் சீவிக் குறைப்பார், ரப்பர் அட்டை வைத்துக் கூட்டுவார். குழலைக் குறைப்பது வேறு விஷயம். அனுமதி இல்லாமல் குழலை வெட்டினால் குற்றம். இடக்கைக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று: பழைய பக்கக்குழலின் கட்டை வலக்கைக்காரருக்காக வெளிப்பக்கம் வளைத்தது, இடத்தோளில் வைத்தால் கன்னத்தில் அறையும்.

## யாருக்கு எது

வீட்டுக்கும் நகைக்கடைக்கும் காவல், வருஷத்துக்கு ஐந்தாறு தோட்டா, அதுவும் பழக்கம் விடாமல் இருக்க: சைடு பை சைடு, இரண்டு விசை. பரிசோதனையில் தேறிய வீட்டுத் துப்பாக்கி இருந்தால் அதுவே. இல்லையென்றால் நைட்ரோ முத்திரையும் 70 அறையும் கொண்ட ஒன்றைக் கடையில் பொறுக்குங்கள். வெளிக்குதிரை (கட்டைவிரலால் பின்னிழுத்து ஏற்றும் சுத்தி) உள்ள பழைய வகையைக் காவலாளி கையில் கொடுக்க வேண்டாம். ஏற்றிய குதிரையை இறக்கும்போது கட்டைவிரல் வழுக்கினால் வெடித்துவிடும், வியர்த்த கையில் அது நடக்கக்கூடியதுதான்.

ட்ராப், ஸ்கீட் என்று போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஓவர் அண்டர்தான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வீட்டுப் பக்கக்குழலில் "பழகிவிட்டு" அப்புறம் மாறலாம் என்பது தப்புக்கணக்கு. கண் பழகும் கோடு வேறு, தோள் பழகும் உதை வேறு.

இரண்டும் வேண்டும், உரிமத்தில் இரண்டு இடமும் காலி என்றால், வீட்டுத் துப்பாக்கியைப் பேர் மாற்றும் வேலையை முதலில் முடியுங்கள். அதற்குத்தான் கையெழுத்துகள் காத்திருக்கின்றன, பெரியவர்களுக்கு வயசாகிறது.

எதை வாங்கினாலும் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை. உரிமம் பெற்ற சுடுகளத்தில், 16 கஜ தூரத்தில் நான்கடிச் சதுர வெள்ளைத் தாளைக் கட்டி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். குறி பார்த்து நிதானிக்காமல், துப்பாக்கியை ஏற்றிய கணத்திலேயே ஒரு குழலால் நாலைந்து தோட்டா சுடுங்கள். ரவைக் கூட்டத்தின் நடு, புள்ளியைவிட்டு ஒரு அங்குலம் விலகினால் கட்டையில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் திருத்தம் வேண்டும் என்று கணக்கு. இரண்டாம் தாளைக் கட்டி மற்றக் குழலையும் அதேபோல் சுடுங்கள். இரண்டு தாளிலும் நடு ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒன்று இங்கேயும் ஒன்று அங்கேயும் விழுந்தால் குழல்கள் சேர்ந்து சுடவில்லை, அதைக் கட்டையால் திருத்த முடியாது, அந்தத் துப்பாக்கி வேண்டாம். சேர்ந்து விழுந்தால் விலை பேசலாம்.